கையில் கொடுக்காத கத்தி

பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ, கத்தி அவ்வளவு உறுதியாக இருக்கும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஐம்பதை நெருங்கும் வயது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எள்ளளவு திருகாணிகளோடு மாரடித்துக் காலம் போக்குகிறவன். ஆனாலும் கத்தி வாங்கப் போனபோது என் தலைக்குள் இருந்தது எட்டாம் வகுப்பு மூளைதான். கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில், குடைகளுக்கும் டார்ச்லைட்டுகளுக்கும் நடுவில் அது கிடந்தது. முதுகு நெடுக முதலைப் பல். அலகில் இரத்தம் வடிந்தோட என்று ஒரு வாய்க்கால். பிடியின் அடிமூடியில் திசைகாட்டி. மூடியைத் திருகினால் உள்ளே தூண்டில் நூலும் நெருப்புக்குச்சியும் ஓர் ஊசியும். அதைக் கையில் எடுத்ததும் எனக்கே உள்ளங்கால் கூசியது. என்னை நடுங்க வைக்கிற கத்தி மலையை நடுங்க வைக்காதா என்று ஒரு கணக்குப் போட்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

கத்தி எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். என் அக்கா ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்து வரிசைவீட்டில் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் அவளைக் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு தடவை கண்டிக்கு இறங்கி வந்து, ஆஸ்பத்திரி மெஷினோடு மணிக்கணக்கில் கிடந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு ஏறிப் போவாள். "சலவைக்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் லயத்தில் சொல்லிவிட்டு வருவாள். அந்த வாரம் மழை நிற்கவே இல்லை. தோட்டத்து ரோட்டை மலை வந்து மூடிக்கொண்டது. ஒரு சலவை தவறிவிட்டது. அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். எடுத்த தாதியிடம் வழக்கம்போல ஏதாவது பகடி விட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். அன்றைக்கு அவர் இடம் வைக்கவில்லை. "தவறக்கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

போனை வைத்த கையோடு மச்சான் கூப்பிட்டான். அக்காவின் புருஷன். அவனும் நானும் பேசி ஒரு தீபாவளி கழிந்திருந்தது. அக்காவை எங்களோடு கட்டுகஸ்தோட்டையிலேயே வைத்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரி பக்கம் என்று நான் சொன்னதுதான் காரணம். அதை நான் சொன்ன விதமும் காரணம். ஒரு சாமானை வேறு அலுமாரிக்கு மாற்றி வைப்பதுபோலச் சொல்லியிருந்தேன். "எம் பொண்டாட்டியப் பாத்துக்க எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் பாதிச் சோற்றில் எழுந்து போனவன்தான்.

இப்போது போனில் வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"மாப்ள, அவளுக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. நாளைக்கு எப்பிடியாச்சும் இறக்கணும். தூக்க ஆளில்ல. பக்கத்து லயம் சரிஞ்சிருச்சு, எல்லாரும் அங்க மண்ணெடுக்கப் போயிட்டாங்க. கத்தி, மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் அங்கதான் கெடக்கு. நீ வா. வரும்போது நல்ல கத்தியா ஒண்ணு வாங்கிட்டு வா. பாதையில மரம் விழுந்திருக்கு, கம்பு கிம்பு வெட்ட வேண்டி வரும்."

"அங்க ஆருக்கும் ஏதும்..."

"ஒரு பெரியவரக் காணல. நீ கத்திய வாங்கிட்டு வா."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அவன வரச் சொல்லாதீங்க. அட்டையப் பாத்தாலே மயங்கி விழுவான். அப்புறம் அவனையும் சேத்துத் தூக்கணும்."

இப்படித்தான் நான் ஓடிப்போய் முதலைப்பல் கத்தியை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தபோது என் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரக் கொல்ல?"

"கொல்ல இல்ல. அக்காவக் காப்பாத்த."

அவள் பாதிப் பலாக்காயை எடுத்து வைத்து, அதன் நடுத்தண்டில் கத்தியை இறக்கி, கொஞ்சம் நெம்பினாள். அலகு ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமும் சாய்ந்தன. ஆடும் பல்லை நாக்கால் தள்ளுவதுபோல அவள் அதை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். திசைகாட்டி எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை இருந்த பக்கத்தை வடக்கு என்றது.

"பரவாயில்ல" என்றாள், "உங்களுக்குப் போற எடம் சரியாத்தான் காட்டுது."

நான் சிரித்தேன். பிறகு போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் என் முகம் சிரித்த முகமாக இல்லை. பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும். எனக்குப் பகடி வரும். பகடி தீர்ந்த பிறகு வருவதுதான் உண்மையான பயம்.

மறுநாள் விடிந்ததும் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். மகாவலி கலங்கி, கரையில் ஏறி இறங்கி, கடை வாசலில் சேற்றை விட்டுப் போயிருந்தது. கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்குமாற்றோடு நின்றார். அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன் நான்தான்.

"என்ன தம்பி, என்ட கண்ணாடி ஒடஞ்சதென்டு நான் இன்னம் ஒருத்தருக்கும் செல்லவே இல்லியே, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

நான் முதலைப்பல் கத்தியை எடுத்துக் காட்டினேன். அவர் மூடியைத் திருகித் திறந்து, திசைகாட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தொழுகைக்கித் தெச பாக்கலாம். வேற ஒண்டுக்கும் ஆகாது. என்னத்துக்கு இது?"

சொன்னேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே போய், கை நீளத்துக்கு வளைந்த ஒரு மன்னாக் கத்தியோடு வந்தார். காடு வெட்டுகிறவர்கள் வைத்திருப்பது.

"இத கொண்டு போங்க. எந்தக் கம்பும் ஒரே போடு."

"நானா, நான் தமிழன். பையில மன்னாவோட பஸ்ஸில போனா, நாளைக்குப் பேப்பர்ல என் போட்டோ வரும். அதுவும் கண்ணாடி இல்லாம எடுத்த போட்டோ."

நானா சிரிக்கவில்லை. மன்னாவைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "அது மெய்தான்" என்றார். "நானும் கொண்டு போக மாட்டன்."



பிறகு அவர் மடக்குக் கத்தி ஒன்றை எடுத்துத் தந்தார். சட்டைப் பையில் அடங்கும், ஒருவருக்கும் தெரியாது. அதை நான்தான் வேண்டாமென்றேன். இந்த இடத்தில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மூக்குக்கண்ணாடி ஏன் உடைகிறது என்று கேட்டால் ஆயிரம் கதை சொல்வார்கள்: பேரப்பிள்ளை இழுத்தான், பஸ்ஸில் நசிந்தது, மேலே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உடைந்த இடம் எப்போதும் மூட்டுதான். எது மடங்குகிறதோ அது அங்கேதான் உடையும். மரத்தில் இறக்கி நெம்ப வேண்டிய கத்திக்கு மூட்டே இருக்கக் கூடாது. முந்தின நாள் எனக்கு இது ஏன் தோன்றவில்லை? முந்தின நாள் நான் யோசிக்கவில்லை, பயந்துகொண்டிருந்தேன்.

நானா ஒரு மரத்தட்டைத் தூக்கிக் கண்ணாடி மேசையில் வைத்தார். மடங்காத கத்திகள், சாண் நீளம், கூடினால் நாலு விரல் அதிகம். நான் என் கடையில் உட்கார்ந்திருப்பதுபோல முதுகை வளைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் அலகு பிடிக்குள் ஒரு விரல் தூரம் போய் நின்றுவிடும்; மிச்சம் பிளாஸ்டிக்கும் பசையும். பிடியால் மேசையில் தட்டினால் உள்ளே வெறுமை என்று காது சொல்லிவிடும். எனக்கு வேண்டியது பிடியின் இரண்டு ஓரத்திலும் இரும்பு தெரிகிற கத்தி: நுனியிலிருந்து பிடியின் கடைசி வரை ஒரே தகடு, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்தது. கட்டை உடைந்தாலும் கத்தி இருக்கும். முதுகில் பல் வேண்டாம். கண்ணாடி வில்லையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிதறல் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பல் என்பது நாமே காசு கொடுத்து வாங்குகிற சிதறல். அதோடு, தடித்த கம்பைச் சின்னக் கத்தியால் வெட்டும்போது கத்தியைச் சரிவாக வைத்து அதன் முதுகில் ஒரு கட்டையால் தட்டித்தான் இறக்கவேண்டும். முதுகு தட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் தட்டலாம். பல் இருந்தால் கட்டையைத்தான் கடித்துத் துப்பும்.

"வெள்ள இரும்பா, கறுப்பு இரும்பா?" என்று கேட்டார் நானா. "வெள்ள கறள் புடிக்காது. ஆனா மழுங்கிச்செண்டா ஒங்களால தீட்டேலாது. கறுப்பு, ரெண்டு மழ கண்டாக் கறள் புடிக்கும். ஆத்துக் கல்லுல தேச்சாலும் கூராகும்."

"ஒரு நாளைக்குத்தான் நானா வேணும்."

"எல்லாரும் அப்பிடித்தான் செல்லுவாங்க."

கறுப்பையே எடுத்தேன். விரல் அலகுப் பக்கம் வழுக்காமல் பிடியில் ஒரு மேடு இருந்தது. உறையில் போட்டுத் தலைகீழாக உதறினேன், விழவில்லை. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழையில் நனைந்த சுவர்போல ஒரு நிறம். யாரையும் பயமுறுத்தாது. எனக்கு அது பிடித்துப்போனது.

பிடியின் கடைசியில் ஒரு துளை இருந்தது. "இதுல கயிறு போட்டுக் கையில மாட்டிக்கொங்க" என்றார் நானா. நான் வேண்டாமென்றேன். நர்சரிப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதுபோல இருக்கும் என்று தோன்றியது.

கத்தியைத் துடைத்து அவர் என் கையில் தரவில்லை. மேசையில் வைத்தார். நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அவர் வீட்டிலும் அப்படித்தான். "ஒங்களோட சண்ட புடிச்சா எனக்குக் கண்ணு தெரியாமப் போவும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காவக் கொண்டந்து சேத்துட்டு போன்ல ஒரு கோல் எடுங்க. துஆ செய்றன்" என்றார்.

தெல்தெனிய தாண்டிப் போன பஸ், ஹுன்னஸ்கிரியவில் எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்பியது. அதற்கு மேல் ரோட்டில் கயிறு கட்டி ஒரு பொலிஸ்காரர் மழைக்கோட்டோடு நின்றார். பையைத் திறக்கச் சொன்னார். பாண், வாழைப்பழம், அக்காவின் மருந்து, அட்டைக்குச் சவுக்காரம். அடியில் கத்தி. அவர் அதை உறையிலிருந்து உருவினார். வழியெல்லாம் நான் தயாரித்து வைத்திருந்த சிங்களம் முழுவதும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. "அக்காட்ட சனீப்ப நே" என்று மட்டும் வந்தது. அக்காவுக்குச் சுகமில்லை. அவர் மேலே மலையைப் பார்த்தார். மலையில் சிவப்பாக ஒரு கீறல் தெரிந்தது. கத்தியை உறையில் போட்டுப் பைக்குள் அவரே வைத்தார். இறக்கிக்கொண்டு வந்தால் இங்கே வந்து சொல், வாகனம் பார்த்துத் தருகிறேன் என்றார். எனக்குப் பகடி ஒன்றும் வரவில்லை.

ஏறினேன். முழங்கால் வரை சவுக்காரம் தேய்த்திருந்தும் அட்டைகள் முழங்காலுக்கு மேலே விலாசம் கண்டுபிடித்தன. பாதையில் விழுந்திருந்த மரங்கள் நானும் என் கத்தியும் சேர்ந்து ஒரு மாதம் வெட்டினாலும் முடியாதவை. அடியில் புகுந்தும் மேலே ஏறியும் போனேன். பக்கத்து லயம் இருந்த இடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே முப்பது நாற்பது பேர் மண்ணில் நின்றார்கள். மண்வெட்டிச் சத்தம் மட்டும். யாரோ உட்கார்ந்திருந்த கதிரை ஒன்று சேற்றுக்கு மேலே உடையாமல் நின்றது. என்னைத் தெரிந்தவர்கள் தலையை மட்டும் அசைத்தார்கள். நானும் அசைத்துவிட்டுக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அக்கா லயத்து வாசலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு மூச்சு வாங்கினாள்.

"வந்துட்டியா. மயங்கல்லியா?"

"இன்னும் இல்ல. நேரம் இருக்கு."

மச்சான் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். துணி காயப்போடுகிற மூங்கில். அதில் இரண்டு முனையும் முடிச்சுப் போட்ட ஒரு கம்பிளி. தோட்டத்தில் நோயாளியை இறக்குகிற முறை அதுதான். பிரசவமோ, பாம்புக்கடியோ, நெஞ்சு வலியோ, கம்பிளியில் படுக்கவைத்து, கம்பை முன்னும் பின்னும் தோளில் ஏற்றி, பாட்டும் சத்தமுமாக இறங்குவார்கள். நோயாளி என்றால் படுக்கவேண்டும் என்பது எங்களுக்குச் சந்தேகமே இல்லாத விஷயம்.

அக்கா கம்பிளியைப் பார்த்தாள். "இதுல போனவங்க... திரும்பி வந்து... நான் பாத்ததில்ல."

"வாய மூடு" என்றான் மச்சான். அவன் குரல் உடைந்திருந்தது.

"நான் ஒக்காந்தே வாறேனே."

"எப்பிடி ஒக்காருவ? இதென்ன பல்லக்கா?"

படுக்கவைத்துத் தூக்கினோம். மச்சான் முன்னால், நான் பின்னால். அவள் முகம் என் வயிற்றுக்குப் பக்கத்தில், கம்பிளிக்குள் ஆடிக்கொண்டு வந்தது. வாய் திறந்தே இருந்தது. கிணற்றில் வாளி முங்குவதுபோல ஒரு சத்தம் அவள் நெஞ்சிலிருந்து வந்தது. "கொஞ்சம் பொறுக்கா, கொஞ்சம் பொறுக்கா" என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஏதோ சொன்னாள். மழையில் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

சரிவின் மேல்விளிம்பில், பாதை ஓர் ஆள் அகலத்துக்குக் குறுகும் இடத்தில், மூங்கில் நடுவில் பிளந்தது. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் துணி சுமந்த மூங்கில். அக்காவைச் சேற்றில் விழாமல் இறக்கி, பாதையோரத்துத் தேயிலைச் செடியில் சாய்த்து வைத்தோம். மச்சான் கரைக்கு மேலே தாவி, மணிக்கட்டுத் தடிப்பில் நேராக நின்ற ஓர் இளமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இது தாங்கும். குடு மாப்ள, கத்திய."

இந்த நேரத்துக்காகத்தான் அந்தக் கத்தி பிறந்திருந்தது. ஒரே தகடு, தட்டையான முதுகு, கறுப்பு இரும்பு, எல்லாம் இந்த ஒரு கம்புக்காகத்தான். உறையிலிருந்து உருவினேன். கையை நீட்டினேன். அவனும் நீட்டினான். இரண்டு கைக்கும் நடுவில் அரைச் சாண்கூட இருக்காது.

நான் கையை இழுத்துக்கொண்டேன். ஏற்கனவே ஒரு தீபாவளி போனது. இன்னும் ஏதாவது வந்துவிடக் கூடாது. குனிந்து கத்தியை அவன் காலடியில், கரையின் மண்ணில் வைத்தேன். அவன் அங்கிருந்து எடுத்துக்கொள்வான். அதுதானே முறை.

அது சரிவு. சேறு. கத்தி ஒரு கணம் யோசித்தது. பிறகு, கோயில் தெப்பம் நகர்வதுபோல அவ்வளவு மரியாதையாக நகர்ந்து, விளிம்பைத் தாண்டி, சத்தமில்லாமல் சரிவுக்குள் போனது. கீழே எங்கோ ஒரு கல்லில் ஒரு தடவை மணி அடித்தது. நல்ல இரும்பு. சத்தத்திலேயே தெரிந்தது.

மச்சானின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஏன் வச்ச?" என்றான் மெதுவாக.

"கையில குடுத்தா..."

"கையில குடுத்தா?"

"பகை வருமே மச்சான்."

அவன் என்னையே பார்த்தான். அவன் முகத்தில் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை. "அத விட இன்னும் என்னடா வர இருக்கு நமக்குள்ள?" என்றான்.

பிளந்த மூங்கிலைக் கம்பிளியால் சுற்றிக் கட்டலாம் என்றேன். வெறுங்கையால் அந்த மரத்தை வளைத்து முறிக்கலாம் என்றேன். நான் கீழே இறங்கிக் கத்தியை எடுத்து வருகிறேன் என்றும் சொன்னேன். கீழே என்பது பனை ஆழம். மச்சான் மரத்தை உண்மையாகவே வளைக்கத் தொடங்கிவிட்டான். அப்படி நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் ஒரு கம்போடு போராடிக்கொண்டிருந்தபோது, பின்னால் அக்கா பேசினாள். கொஞ்சம் தெளிவாகவே பேசினாள்.

"ரெண்டு பேரும் கம்பப் பத்தித்தான் பேசுறீங்க. என்னைய யாராச்சும் கேட்டீங்களா?"

திரும்பினோம்.

"படுத்தா மூச்சு வரலடா. கத்திக் கத்திச் சொன்னேன். இப்ப சாஞ்சு இருக்கேன்ல, வருது. நிமித்தித் தூக்குங்க. முதுகுல ஏத்துங்க. இல்லாட்டி இங்கேயே விடுங்க."

தேயிலைச் செடியில் சாய்ந்து நிமிர்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சுச் சத்தம் குறைந்திருந்தது. எங்கள் இருவருக்கும் காது இருந்தது. கேட்க நேரம்தான் இருக்கவில்லை.

மச்சான் அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் தூக்கி ஏற்றினேன். கம்பிளியை அவள் இடுப்பைச் சுற்றி அவன் நெஞ்சில் முடிந்தேன். அவன் களைத்த இடத்தில் நான் வாங்கினேன். கால்கள்தான் வீங்கிக் கனத்தன. மேலே அவள் காய்ந்த விறகாக இருந்தாள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே பாதையில் ஏறி இறங்கிய உடம்பு அது. அவள் மூச்சு என் காதில் பட்டது. அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் நான் பகடி விட்டுக்கொண்டே வந்தேன். முதலைப்பல் கத்தியின் கதையைச் சொன்னேன். சோற்றுப் பானைக் கதையைச் சொன்னேன். அவள் "ம்" என்றால் உயிர் இருக்கிறது. அந்த "ம்" வரும்வரை அடுத்த அடி வைக்கமாட்டேன். வாழ்நாளில் நான் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வேண்டியிருக்கவில்லை. அந்த "ம்" போதும்.

மண்ணெடுக்கிறவர்களைக் கடந்தபோது பகடியை நிறுத்தினேன். அவர்கள் மண்வெட்டிகளை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள். இரண்டு பேர் கூட வரக் கிளம்பினார்கள். மச்சான் வேண்டாமென்று கையைக் காட்டினான். அங்கே அவர்கள் வேலை முடியவில்லை.

அதற்குக் கீழே ஒரு வளைவில் "ம்" வரவில்லை. "அக்கா" என்றேன். வரவில்லை. "அக்கா, அக்கா" என்று கத்தினேன். பின்னால் வந்த மச்சான் ஓடிவந்து அவள் கன்னத்தைப் பிடித்தான்.

"உசுரோடதான் இருக்கேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கொஞ்ச நேரம் பேசாம நடடா. மூச்சு உனக்கும் வேணும்."

ரோட்டுக்கு வந்ததும் பொலிஸ்காரர் சொன்னபடி செய்தார். திரும்பிப் போகவிருந்த ஒரு மரக்கறி லொறியை நிறுத்தி, முன்சீட்டில் அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்தார். மச்சான் அவளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். நான் பின்னால், வெறும் கூடைகளுக்கு நடுவில், நெற்றியில் ஓர் அட்டையோடு.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்த டாக்டர், நெஞ்சுக்குள் நீர் ஏறியிருக்கிறது என்றார். எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். முதுகில் என்றான் மச்சான். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார் என்றார் அவர். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். அவன் தேத்தண்ணி வாங்கி வந்து, ஒரு கோப்பையை என் கையில் தந்தான். குடித்தோம்.

அன்று பின்னேரம் அவளை மெஷினில் போட்டார்கள். பொழுது சாயும்போது மூச்சு சீரானது. பக்கத்து லயத்துப் பெரியவரின் உடலை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். மச்சான் எங்கள் வீட்டிலிருந்து போய்ப் பாடையைத் தூக்கிவிட்டு வந்தான். தோட்டத்து ரோடு திறக்கும்வரை அக்காவும் அவனும் எங்களோடு இருந்தார்கள். திறந்ததும் இருவரும் மேலே, தங்கள் லயத்துக்கே போய்விட்டார்கள்.